கேட்பு, நிறைவு, நிலுவை: குடும்ப நலக் கணக்கைப் படிக்கும் முறை

(உறுப்பினர் கல்விப் பாடம்)



சங்கத்தின் கணக்கைப் படிக்கத் தெரிந்தவருக்கு நாட்டின் கணக்கைப் படிப்பது அரிய காரியம் அன்று. பேரவைக் கூட்டத்தில் ஆண்டறிக்கை வாசிக்கப்படும்போது, "கடன் வசூல் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு" என்று காதில் விழுந்த உடனே அனுபவமுள்ள உறுப்பினர் மகிழ்ந்துவிடுவதில்லை. கேட்பு எவ்வளவு, ரொக்கமாக வந்தது எவ்வளவு, பழைய கடனைப் புதுப்பித்து வரவு வைத்தது எவ்வளவு என்று எழுந்து கேட்பார். இம்மூன்றுக்கும் விடை வந்த பின்னரே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டாகிறது.

ஓமலூர் வட்டாரத்து நெசவாளர் சங்கம் ஒன்றில், உறுப்பினர் கல்வி வகுப்பில் இந்தக் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலை விளக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும், தார் சுற்றியும் தறி நெய்தும் முதுமை எய்திய ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். அவருக்கு இருபத்திரண்டு வயதில் கருத்தடை அறுவை நடந்ததாம். சுகாதாரப் பதிவேட்டில், "குழந்தைகள் இரண்டு; அறுவை முடிந்தது" என்று எழுதிக்கொண்டார்களாம். அவர் விரும்பியதோ வேறு. முதற் குழந்தைக்கும் இரண்டாவது குழந்தைக்கும் இடையே மூன்று ஆண்டு இடைவெளி வேண்டுமென எண்ணினார். அதற்கான வழியை ஒருவரும் சொல்லவில்லை. பதினான்கு மாதத்தில் இரண்டாவது குழந்தை பிறந்துவிட்டது. "நான் கேட்டது எந்தப் பத்தியில் எழுதியிருக்கிறது, ஐயா?" என்றார் அவர். அன்று என்னிடம் விடை இல்லை. அதைத் தேடியதன் பயனே இப்பாடம்.

எதற்காக அளக்கிறோம்?

கருத்தடையைப் பற்றிய கணக்கு மக்கள்தொகையைக் குறைப்பதற்காக மட்டும் ஏற்பட்டதென்று பலர் கருதுகின்றனர். பொதுச் சுகாதாரத்தின் நோக்கம் அதனினும் விரிந்தது. ஒரு குழந்தை பிறந்தபின், அடுத்த கருவுக்கு முயல்வதற்கு முன் குறைந்தது இருபத்துநான்கு மாதங்களாவது கழிதல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இடைவெளி குறுகினால் தாயின் இரத்தம் ஊறுவதற்கு முன்னரே அடுத்த சுமை ஏறிவிடுகிறது. பிறக்கும் குழந்தையும் எடை குன்றிப் பிறக்க இடமுண்டு. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் சரிபாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். பகல் முழுதும் தறி மிதிப்பவரும், நிலக்கடலைக் காட்டில் களை வெட்டுபவரும் இவர்களுள் அடங்குவர்.

பேறுகால மரணத்தில் நம் மாநிலம் நற்பெயர் பெற்றுள்ளது. 2018-20ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இலட்சம் பிறப்புகளுக்கு இந்திய நாடு முழுமையிலும் 97 தாய்மார் இறந்தனர். தமிழ்நாட்டில் 54 தாய்மார் இறந்தனர். வேண்டாத கருவும், காலம் தவறிய கருவும் குறையும் அளவுக்கு இந்த எண்ணும் குறையும். ஆகவே, எத்தனை பெண்கள் தாம் விரும்பிய காலத்தில் நம்பத்தக்க கருத்தடை முறையைப் பெற்றிருக்கின்றனர் என்பதை அளப்பது தாய் சேய் நலத்தை அளப்பதன் ஒரு பகுதியாகும்.

நம்பத்தக்க முறை எது?

"முறை ஒன்றைக் கைக்கொள்கிறார்" என்று எழுதினால் மட்டும் போதாது. அம்முறை எவ்வளவு பயன் தரும் என்பதையும் அறிதல் வேண்டும். இதனை அளக்கும் வழி எளியது. ஒரு முறையைக் கைக்கொள்ளும் நூறு பெண்களை ஓராண்டு கவனித்து, அவர்களுள் எத்தனை பேர் கருவுற்றனர் எனப் பார்ப்பார்கள். எந்த முறையும் கைக்கொள்ளாத நூறு இளந் தம்பதியரில் ஏறத்தாழ எண்பத்தைந்து பேர் ஓராண்டுக்குள் கருவுறுவர். விலகல் முறையில் இருபது பேர்; ஆணுறையில் பதின்மூன்று பேர்; அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரையில் ஏழு பேர்; மூன்று மாத ஊசியில் நான்கு பேர். காப்பர் டி அணிந்தவருள் ஒருவருக்கும் குறைவு. பெண் கருத்தடை அறுவையில் இருநூற்றில் ஒருவர். ஆண் கருத்தடை அறுவையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேர்.

இங்கே ஒன்றை உழவர் பெருமக்கள் எளிதில் உணர்வர். விதைப் பையின்மேல் எழுதியிருக்கும் முளைப்புத் திறன் வேறு. மானாவாரிக் காட்டில் முளைத்து நிற்கும் பயிர் வேறு. அதுபோலவே, மாத்திரையை ஒருநாளும் தவறாமல் உட்கொண்டால் நூற்றில் ஒருவர்கூடக் கருவுறுவதில்லை. ஆயினும் பாவு ஓட்டும் அவசரத்திலும் அறுவடைக் காலத்திலும் மறந்துவிடுவது மனித இயல்பு. ஆதலின் அந்த ஏழு என்ற எண் வழக்கத்தில் நிகழ்வதைக் காட்டுகிறது. மறதிக்கு இடமில்லாத காப்பர் டி போன்ற முறைகளில் பையின் எண்ணும் காட்டின் எண்ணும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன.

ஆனால், மிகுந்த பயன் தரும் முறையே எல்லோருக்கும் ஏற்ற முறை என்று கொள்ளலாகாது. திருமணமாகி ஓராண்டு காத்திருக்க விரும்பும் மணமகளுக்கு அறுவை பொருந்தாது. மூன்று குழந்தைகளோடு போதுமென முடிவு செய்தவருக்கு ஆணுறை ஒன்றே போதுமானதென்று சொல்லவும் இயலாது. தேவையும் முறையும் பொருந்துவதே பயன்.

மாற்றுக் கணக்கும் அதன் மயக்கமும்

பலவகை முறைகளை ஒரே தொகையாகக் கூட்டுவது எங்ஙனம்? இதற்கெனக் குடும்ப நலத் துறையில் நெடுங்காலம் ஒரு வாய்பாடு வழங்கிவந்தது. ஓர் அறுவை ஒன்று என்று கொள்ளப்படும். மூன்று காப்பர் டி சேர்ந்தால் ஓர் அறுவைக்குச் சமம். மாத்திரை உட்கொள்பவர் ஒன்பது பேர் ஓர் அறுவைக்குச் சமம். ஆணுறை கைக்கொள்பவர் பதினெண்மர் ஓர் அறுவைக்குச் சமம். ஓராண்டில் எழுபத்திரண்டு ஆணுறை வழங்கினால் ஒருவர் என்றும், பதின்மூன்று மாத்திரை அட்டை வழங்கினால் ஒருவர் என்றும் கணக்கிட்டனர்.

இதனைச் சற்றுப் பெருக்கிப் பாருங்கள். எழுபத்திரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 1,296. அதாவது, ஒரு காலைப் பொழுதில் ஒரு பெண்ணை அறுவைக்கு அழைத்துச் சென்றால் கிடைக்கும் மதிப்பெண்ணைப் பெற, ஊழியர் 1,296 ஆணுறைகளையோ 117 மாத்திரை அட்டைகளையோ ஆண்டெல்லாம் வீடு வீடாக வழங்க வேண்டும். ஆண்டு இறுதியில் இவ்வளவு எண்ணிக்கை காட்ட வேண்டுமென மேலிருந்து கேட்கும்போது, ஊழியர் எவ்வழியில் நடப்பார் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. அளவுகோலே நடத்தையை வளைத்துவிடுகிறது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இடைவெளி முறை சொல்லப்படாமல் அறுவை மட்டும் சொல்லப்பட்டதற்கு ஊழியரின் கருணையின்மையை மட்டும் காரணமாகக் கூறலாகாது. வாய்பாட்டுக்கும் அதில் பங்குண்டு.

மற்றொரு மயக்கமும் உண்டு. வழங்கியது வேறு, பயன்பட்டது வேறு. சங்கத்திலிருந்து நூல் சிட்டம் வெளியே சென்றதைக் கொண்டு துணி வந்துவிட்டதாக எந்த மேலாளரும் இருப்பில் ஏற்றுவதில்லை. ஆணுறையும் மாத்திரையும் அலமாரியை விட்டு வெளியேறியதைக் கொண்டு பாதுகாப்பு நிறைவேறியதாக எண்ணுவதும் அத்தகையதே. உலக நாடுகளில் ஓராண்டுப் பாதுகாப்புக்கு 120 ஆணுறை, 15 மாத்திரை அட்டை எனச் சற்றுக் கூட்டி வைத்துக் கணக்கிடும் வழக்கம் உண்டு. வீணாவதையும் பயன்படாது கிடப்பதையும் கருதிச் செய்த ஏற்பாடு அது.

எதனால் வகுப்பது?

சதவிகிதம் என்றால் மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் உண்டு. கீழே உள்ள எண்ணை மாற்றினால் விடை மாறிவிடும். கிராம சுகாதாரச் செவிலியர் தம் பகுதியில் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு ஒன்றை வைத்திருப்பார். மனைவியின் வயது பதினைந்துக்கும் நாற்பத்தொன்பதுக்கும் இடைப்பட்டிருந்தால் அத்தம்பதியர் அதில் இடம்பெறுவர். நெடுங்காலமாக இந்தப் பதிவேட்டின் மொத்தத்தையே கீழெண்ணாக வைத்து, இத்தனை பேர் பாதுகாக்கப்பட்டனர் என்று கணக்கிட்டுவந்தனர்.

இதில் உள்ள குறையைக் காண்போம். பதிவேட்டில் உள்ள எல்லோருக்கும் கருத்தடை தேவைப்படுவதில்லை. புதிதாக மணந்து குழந்தையை எதிர்பார்ப்பவர் இருப்பர். விரும்பியே கருவுற்றிருப்பவர் இருப்பர். பல ஆண்டுகளாகக் குழந்தையின்றி ஏங்குபவரும் இருப்பர். இவர்களையெல்லாம் "ஏற்காதவர்" என்ற பத்தியில் அடைப்பது, கடனே வாங்காத உறுப்பினரைத் தவணை தவறியவர் பட்டியலில் சேர்ப்பதை ஒக்கும். பதிவேட்டுக்கு வெளியே நிற்கும் விதவையரும் கணவரைப் பிரிந்தவரும் மணமாகாதவரும் கணக்கில் வாராமலே போகின்றனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

கேட்பு, நிறைவு, நிலுவை

இப்போது நமக்குப் பழக்கமான பட்டியலுக்கு வருவோம். கடன் கணக்கில், அந்த ஆண்டு வரவேண்டிய தவணையே கேட்பு. வசூலைக் கேட்பால் வகுக்கிறோமேயன்றி மொத்த உறுப்பினர் எண்ணிக்கையால் வகுப்பதில்லை. குடும்ப நலக் கணக்கிலும் அவ்வாறே ஒரு கேட்பு உண்டு. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குக் குழந்தை வேண்டாம் என்பவரும், இனி எப்போதுமே வேண்டாம் என்பவரும் சேர்ந்ததே கேட்பு. இவர்களுள் நவீன முறையைப் பெற்றிருப்பவர் நிறைவு. எம்முறையும் பெறாதவரும், நம்பகம் குறைந்த பழைய முறைகளோடு நிற்பவரும் நிலுவை.

ஓர் உதாரணம் காண்போம். ஓர் ஊரில் தகுதியுள்ள தம்பதியர் 500 எனக் கொள்வோம். நவீன முறையைக் கைக்கொள்வோர் 300. பழைய முறையோடு நிற்போர் 20. குழந்தை இப்போது வேண்டாம் என்று எண்ணியும் எம்முறையும் இல்லாதோர் 45. ஏனைய 135 பேருக்கு இப்போது தேவையில்லை. இங்கே கேட்பு, 300, 20, 45 ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகிய 365. நிறைவு 300. நூற்றுக்கு ஏறத்தாழ 82.

அடுத்த ஊரிலும் தம்பதியர் 500. நவீன முறையைக் கைக்கொள்வோரும் 300. பழைய முறையில் ஒருவரும் இல்லை. ஆனால் தேவையிருந்தும் பெறாதவர் 120. கேட்பு 420, நிறைவு நூற்றுக்கு ஏறத்தாழ 71. பழைய கணக்கின்படி இரண்டு ஊர்களும் நூற்றுக்கு அறுபது என ஒரே மதிப்பெண் பெறும். புதிய கணக்கில், இரண்டாவது ஊரில் 120 பெண்கள் வாசலில் காத்து நிற்பது தெரிகிறது. செவிலியரை எந்த ஊருக்கு முதலில் அனுப்ப வேண்டும் என்பதும் தெரிகிறது.

ஐக்கிய நாடுகள் அவை 2015ஆம் ஆண்டில் வகுத்த, 2030ஆம் ஆண்டுக்குள் எய்தவேண்டிய நிலையான வளர்ச்சிக் குறிக்கோள்களில் இந்த நிறைவுக் கணக்கே இடம்பெற்றுள்ளது. 2019-21 ஆய்வின்படி, இந்திய நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 66.7 பேர் ஏதேனும் ஒரு முறையையும், அவர்களுள் அடங்கிய 56.5 பேர் நவீன முறையையும் கைக்கொண்டிருந்தனர். நிறைவேறாத தேவை உடையவர் 9.4. கேட்பு 76.1, நிறைவு நூற்றுக்கு 74. நான்கில் ஒரு பங்கு இன்னும் நிலுவை.

கடன் பட்டியலுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு, அதை மறந்துவிடலாகாது. கடன் பட்டியலில் கேட்பவர் சங்கம், தரவேண்டியவர் உறுப்பினர். இங்கே கேட்பவர் பெண். தரவேண்டியவர் சுகாதாரத் துறை. நிலுவை என்பது பெண்மேல் சுமத்தும் குற்றம் அன்று; அவருக்குச் சேரவேண்டிய பாக்கி.

இலக்கு நடத்திய பாடம்

இந்த வேற்றுமையை மறந்ததன் விளைவை நம் நாட்டு வரலாறு காட்டுகிறது. 1930களிலேயே ஈரோட்டுப் பெரியார், கர்ப்பத்தடை வேண்டுவது பெண்ணின் விடுதலைக்காகவே என்று வாதிட்டார். உணவுப் பற்றாக்குறை, சொத்துப் பிரிவினை முதலியவற்றைக் காரணமாகக் காட்டியவர்களிடமிருந்து தம் நோக்கத்தைப் பிரித்தும் காட்டினார். 1952இல் இந்தியா அரசின் திட்டமாகவே குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்றது; உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு நம்முடையதே. 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநிலம் அறுவை செய்துகொண்டவருக்குச் சிறு தொகை வழங்கத் தொடங்கியது. அந்நாளில் அறுவை செய்துகொண்டவருள் ஆடவரே மிகுதி.

1960களின் நடுவில் ஆண்டு இலக்குகள் வந்தன. நெருக்கடி நிலைக் காலத்தில் அது உச்சத்தை எட்டியது. 1976-77ஆம் ஓராண்டில் மட்டும் நாடு முழுவதும் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகள் நடந்தன. பெரும்பாலானவை ஆடவருக்குச் செய்யப்பட்டவை. வடமாநிலங்களில் வற்புறுத்தல் மிகுந்தது. எண்ணிக்கை நிறைந்தது, நம்பிக்கை குலைந்தது. அதன்பின் ஆடவர் அறுவையை விட்டு விலகினர். சுமை பெண்கள்மேல் விழுந்தது.

1994இல் கெய்ரோ நகரில் கூடிய உலக மாநாட்டிற்குப் பின், 1996 ஏப்ரல் முதல் இந்திய அரசு முறைவாரி இலக்குகளைக் கைவிட்டது. ஆயினும் எண்ணிக்கை மோகம் முற்றும் மறைந்துவிடவில்லை. 2014 நவம்பரில் சட்டீசுகர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் நடந்த முகாமொன்றில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அம்மாவட்டத்தில் அந்நாட்களில் நடந்த முகாம்களுக்குப் பின் பத்துப் பேருக்கு மேற்பட்ட பெண்கள் உயிரிழந்தனர். அன்றைய அறிக்கையில் 83 என்பது சாதனைப் பத்தியிலேயே ஏறியிருக்கும். 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு ஆணையிட்டது.

தமிழ்நாட்டின் எண்கள்

நம் மாநிலத்தின் எண்களை இந்தக் கண்கொண்டு பார்ப்போம். ஏதேனும் ஒரு முறையைக் கைக்கொள்வோர் 2005-06இல் நூற்றுக்கு 61.4, 2015-16இல் 53.2, 2019-21இல் 68.6. எட்டு குறைந்து, பின் பதினைந்து ஏறியிருக்கிறது. ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரியோ அம்மூன்று ஆய்வுகளிலும் முறையே 1.8, 1.7, 1.8. ஏறக்குறைய அசையவே இல்லை. மணவயது, கணவர் வெளியூரில் பிழைத்தல், கருக்கலைப்பு, ஆய்வில் கேட்கப்பட்ட வினாவும் சொல்லப்பட்ட விடையும் என்று பிறப்பையும் எண்ணையும் அசைப்பவை பல. ஆகவே, பயன்பாட்டுச் சதவிகிதம் ஒன்றை மட்டும் வைத்து மகிழ்வதும் கூடாது, வருந்துவதும் கூடாது.

இன்னும் உற்று நோக்கினால் வேறொன்று தெரியும். 2019-21இல் அந்த 68.6 பேரில் 57.8 பேர் பெண் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். நூறு பயனாளிகளில் எண்பத்துநால்வர்! ஆண் கருத்தடை அறுவையோ 0.1, ஆயிரம் தம்பதியரில் ஒருவர் மட்டுமே. இது சங்கக் கிடங்கில் 40ஆம் நம்பர் நூலை மட்டும் அடுக்கி வைத்திருப்பது போன்றது. 60ஆம் நம்பர் கேட்ட நெசவாளருக்கு 40ஆம் நம்பரைக் கொடுத்துவிட்டு, "நூல் வழங்கப்பட்டது" என்று எழுதலாம். பதிவேடு சரியாகவே இருக்கும். அவர் எண்ணிய சேலை மட்டும் தறியில் ஏறாது.

இன்று அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் ரகங்கள் பல. ஆணுறை, மாத்திரை, காப்பர் டி ஆகியவற்றுடன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் சாயா மாத்திரையும் 2017 முதல் அரசு வழியே வழங்கத் தொடங்கப்பட்டன. சாயா மாத்திரை லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறியப்பட்டது. காப்பர் டியில் ஐந்தாண்டு வகையும் பத்தாண்டு வகையும் உண்டு, வேண்டும்போது எடுத்துவிடலாம். ஆடவருக்குத் தழும்பில்லாத அறுவை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதன்பின் மூன்று மாதம் வேறு முறையைக் கைக்கொண்டு, பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். தறி மிதிக்கவும் ஏர் பிடிக்கவும் வலு குன்றிவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது.

சேலம் கற்பித்தது

பயன்பாட்டு எண் நற்செய்தி சொல்லும் அதே வேளையில் வேறோர் எண் துயரம் சொல்லக்கூடும். நம் மாவட்டமே இதற்குச் சான்று. 2001ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் தமிழ்நாடு முழுமைக்கும் 942. சேலம் மாவட்டத்திலோ 851. சிறு குடும்பம் என்ற கருத்து பரவியது. ஆண் குழந்தை கட்டாயம் வேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை. இடையில் நசுங்கியவை பெண் சிசுக்கள். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கப்பட்டது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா எனக் கண்டு சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் சேலத்தின் எண் 916 ஆக உயர்ந்தது.

குடும்பம் சிறுத்தது எவ்வழியில் என்பதைப் பயன்பாட்டுச் சதவிகிதம் சொல்லாது. இருப்புநிலைக் குறிப்பை இலாப நட்டக் கணக்கோடு சேர்த்துப் படிப்பது போல, இந்த எண்ணையும் பெண் குழந்தைகளின் எண்ணோடும் தாய்மார் நல எண்ணோடும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

உறுப்பினர் செய்யத்தக்கவை

முதலாவதாக, செய்யத்தகாததைச் சொல்லிவிடுகிறேன். யார் எம்முறையைக் கைக்கொள்கிறார் என்பதைச் சங்கம் பதிவு செய்யலாகாது. கடனையோ கூலியையோ நூல் வழங்குவதையோ அதனோடு இணைக்கலாகாது. அது குடும்பத்தின் சொந்தக் காரியம். பெண்ணின் உடலைப் பற்றியது.

செய்யத்தக்கவை மூன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிராம சுகாதாரச் செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ உறுப்பினர் கூட்டத்துக்கு அழைத்து, பெண்களுக்கென ஒரு வகுப்பும் ஆண்களுக்கென ஒரு வகுப்பும் நடத்துதல் ஒன்று. கிராம சபையிலும் சுகாதாரக் கூட்டங்களிலும், "எத்தனை அறுவை?" என்று மட்டும் கேளாமல், தேவையிருந்தும் பெறாதவர் எத்தனை பேர், எம்முறைகள் ஆண்டு முழுவதும் இருப்பில் இருந்தன, தொடங்கிப் பின் நிறுத்தியவர் ஏன் நிறுத்தினர் என்று கேட்டல் மற்றொன்று. மூன்றாவது, முறையை ஏற்கும் ஒவ்வொரு பெண்ணும் பின்வரும் விடைகளைப் பெற்றாரா எனத் தாமே சரிபார்த்துக்கொள்ளுதல். வேறு முறைகளும் உண்டென்று சொன்னார்களா? இதனால் வரக்கூடிய தொல்லைகளைச் சொன்னார்களா? தொல்லை வந்தால் என்ன செய்வதெனச் சொன்னார்களா? அறுவையாயின், இது நிரந்தரமானது என்று சொன்னார்களா? தேசிய ஆய்விலும் இவ்வினாக்கள் கேட்கப்படுகின்றன. சேவையின் தரத்தை அளக்கும் கோல் இவை.

ஆடவர்க்கு ஒரு சொல். கேட்பு பெண்ணுடையது என்றேன், பொறுப்பு இருவருடையது. ஆயிரத்தில் ஒருவர் என்ற எண்ணை மாற்றுவதற்குச் சட்டமும் முகாமும் வேண்டுவதில்லை. வீட்டில் இருவரும் அமர்ந்து பேசினால் போதும்.

என்னிடம் வினவிய அம்மையாரின் விருப்பத்துக்கு அந்நாளையப் பதிவேட்டில் பத்தி இல்லை. அவருடைய பேத்திமார் இன்று அதே தறிகளின் அருகே வளர்கின்றனர். அவர்கள் கேட்பதை முதற் பத்தியில் எழுதும் கணக்கே நேர்மையான கணக்கு.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. வசூலைக் கேட்பால் வகுப்பதற்கும் உறுப்பினர் எண்ணிக்கையால் வகுப்பதற்கும் உள்ள வேற்றுமை யாது? குடும்ப நலக் கணக்கில் அது எவ்வாறு பொருந்துகிறது?

2. ஓர் ஊரில் தம்பதியர் 400. நவீன முறையைக் கைக்கொள்வோர் 210. பழைய முறையோடு நிற்போர் 30. தேவையிருந்தும் எம்முறையும் பெறாதவர் 60. கேட்பு, நிறைவு, நிலுவை ஆகியவற்றைக் கணக்கிடுக. (விடை: கேட்பு 300; நிறைவு 210, நூற்றுக்கு 70; நிலுவை 90.)

3. "வழங்கியது வேறு, பயன்பட்டது வேறு" என்பதற்குத் தத்தம் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் தருக.

4. ஊழியருக்கு இலக்கு விதிப்பதன் நன்மை தீமைகளை, நம் சங்கத்தின் ஆண்டிறுதி வசூல் அனுபவத்தோடு ஒப்பிட்டு விவாதிக்க.